மானிடாலை மெதுவாக்கிய கை

விளாங்குடியில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது என் மனைவி தடுமாறித் தரையில் தலை மோத விழுந்தாள். வெளியே ரத்தமில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் மூளை வீங்கியிருந்தது. கூப்பிட்டால் முனகினாள், கண் திறக்கவில்லை.

மதியம் இரண்டு பத்துக்கு நர்ஸ் மூளை வீக்கத்தை வடிக்கும் மானிடால் மருந்து பாட்டிலை மாட்டினாள். அடியில் படிகம் கட்டியிருந்ததால் வெந்நீரில் வைத்துக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். நூறு மில்லி. மாட்டிவிட்டு, அப்போதுதான் வந்திறங்கிய பஸ் விபத்துக் கேஸ்களுக்கு ஓடினாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. போன வருடம் காய்ச்சலில் எனக்குக் குளுக்கோஸ் ஏற்றியபோது முப்பதுதான். அவசரத்தில் திறந்துவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். குழாயில் இருந்த சக்கரத்தை உருட்டி முப்பதுக்குக் கொண்டுவந்தேன். பாட்டில் காலியானபோது மணி மூன்றேகால்.

சற்று நேரத்தில் டாக்டர் நர்ஸோடு வந்து அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். என் பேரன் வயதுதான் இருக்கும்.

"ஐயா, மானிடால் இருபது நிமிஷத்துல ஏத்தியாச்சு. வீக்கம் கேக்கல. இடது கண் பாப்பா பெருசாகுது. இனி மண்டையத் தொறக்குறதுதான் வழி."

இருபது நிமிடம் என்ற சொல் என்னை உலுக்கியது. வாயைத் திறந்தால் அவமானம், திறக்காவிட்டால் அவள் தலையில் கத்தி.

"தம்பி, அது இருபது நிமிஷத்துல ஏறல."

"நான் முழுசாத் தொறந்துவிட்டுத்தானே போனேன்!" என்றாள் நர்ஸ்.

"நான்தாம்மா குறைச்சேன்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எம்புட்டு நேரம் ஓடுச்சு?"

"அறுபத்தஞ்சு நிமிஷம்."

"வேகமா ஏறுனாத்தான்யா அது மூளைத் தண்ணிய இழுக்கும். இம்புட்டுத் துல்லியமா எண்ணத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா?"

"இன்னொரு பாட்டில் போடுங்க. தொடவே மாட்டேன்."

"முடியாது. மானிடால் இழுக்குற தண்ணிய மூத்திரமா வெளிய தள்ளிரும். மூத்திரப் பையில ஏற்கனவே தொள்ளாயிரம் மில்லி போயிருச்சு, பிரஷர் தொண்ணூறுல நிக்குது. மூணு சதவீத உப்புத் தண்ணி ஏத்துவோம். அதுவும் இழுக்கும், ஆனா பிரஷரை இறங்க விடாது."

"அவளுக்கு உப்பே ஆகாது தம்பி. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவ."

"அது சோத்துக்குச் சொன்னதுய்யா." நர்ஸிடம் திரும்பி, "ஆபரேஷன் தியேட்டர் ரெடியா இருக்கட்டும். அரை மணி பாப்போம்" என்றார்.

இந்த முறை வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பம்ப் வைத்து ஏற்றினார்கள். நான் கட்டிலைவிட்டு நான்கடி தள்ளி நின்றேன். மானிட்டரில் பிரஷர் தொண்ணூற்றாறு வந்தது, பிறகு நூற்றிரண்டு. இருபத்தெட்டாவது நிமிடம் டாக்டர் மறுபடி டார்ச் அடித்தார். கண் பாப்பா சுருங்கியது. அவள் தோள்பட்டையை அழுத்திக் கிள்ளினார்.

"எவன்டா அது?" என்றாள் அவள்.

"டாக்டரையே வையிறீங்களாம்மா!" என்று நர்ஸ் சிரித்தாள். டாக்டரும் சிரித்து, தியேட்டர் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவள் வலது கையில் இன்னும் காப்பித் தம்ளர் நிற்பதில்லை. அது விழுந்த அடியால் போனதா, என்னுடைய அந்த அறுபத்தைந்து நிமிடத்தால் போனதா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் கேட்காமலே திரும்பி வருகிறேன். அவளிடமும் சொல்லவில்லை.