இல்மனைட்டா, லிமோனைட்டா

மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நான் தட்டச்சு வேலையில் இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் கரையோரத்து மண்ணையும் கல்லையும் ஆராய வந்தார். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டும் என்று அவர் கேட்க, பெரிய கிளாக்கர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

மூன்று கிழமை, கிட்டத்தட்ட இருபது நாள், அவரோடு கொண்டச்சியிலிருந்து மறிச்சுக்கட்டி வரைக்கும் நடந்தேன். துரை மண்ணை அள்ளித் தகரப் பேணிகளில் போடுவார். நான் பேணிக்கு இலக்கம் ஒட்டி, அவர் சொல்லும் பெயரைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன். சுங்கானை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற மனிதர். பாதிப் பெயரைப் புகைதான் கொண்டுபோகும். கடற்காற்று வேறு. திருப்பிக் கேட்க எனக்கு வெட்கம். கேட்டால் இவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

எங்கள் சாமான்களை ஏற்றி வந்த மாட்டுவண்டி மறிச்சுக்கட்டியில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவருடையது. அவர் தன் காணியில் கிணறு வெட்டியபோது கபிலநிறக் கட்டி கட்டியாக ஒரு கல் வந்ததாம். துரை அதைப் பார்த்ததும் குந்தியிருந்து பொறுக்கி ஒன்பதாம் பேணியை நிரப்பினார். நானா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஐயா, இதுக்காகக் காணியைக் கவுண்மேந்து எடுத்துப் போடுமோ? எனக்கு வேற நிலமில்லை."

"துரையிட்டக் கேட்டுச் சொல்லுறன், நானா," என்றேன்.

கேட்க முடியவில்லை. மறுநாளே துரைக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அந்த நிலையிலும் கூடாரத்துக்குள் படுத்தபடி இரண்டு நாள் எனக்குச் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். கொழும்பு தேடுவது இல்மனைட் என்ற கனிமத்தைத்தான், அது நிறையக் கிடைத்தால் அந்த நிலத்தை அரசாங்கம் எடுக்கும் என்று சொன்னதும் அப்போதுதான். மூன்றாம் நாள் நானாவின் வண்டியிலேயே அவரை மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கச்சேரிக்குத் திரும்பி அறிக்கையைத் தட்டச்சில் அடிக்கத் தொடங்கினேன். நாலாம் பேணி, கொண்டச்சிக் கரையின் கறுப்பு மணல்: லிமோனைட். ஒன்பதாம் பேணி, நானாவின் கிணற்றுக் கல்: இல்மனைட். ஏழெட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தால், கூடாரத்தில் எழுதிய இடத்தில், நாலாம் பேணி இல்மனைட், ஒன்பதாம் பேணி லிமோனைட். இரண்டும் என் கையெழுத்துத்தான். எது சரி என்று எனக்குத் தெரியாது. இரண்டு பெயரும் வேறு வேறு பொருள் என்பதையே அன்றைக்குத்தான் நிச்சயமாக விளங்கிக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் வந்து, "நாளைக்குக் கொழும்புக் கோச்சியில அனுப்பவேணும். முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம், முடியப்போகுது," என்றேன்.

ஒரு சொல்லை மாற்றி அடித்தால் நானாவின் காணி போய்விடும். கேட்கப் போனால் என் வேலை போய்விடும். அப்படித்தான் எண்ணினேன். மத்தியானம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்ததைப் பார்த்து மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"தெரியாட்டில் போய்க் கேளுங்கோ. வேலை போனாலும் பரவாயில்லை, ஒரு மனுசன்ர காணி போகக் கூடாது," என்றாள்.

இரண்டு பேணிகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். துரை தலையணையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சுங்கானைப் பற்றியும் கூட. அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்தார். அதன் அடிவளையம் மினுக்கம் பூசாமல் சொரசொரப்பாக இருந்தது. கிணற்றுக் கல்லை அதில் தேய்த்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது, அரைத்த மஞ்சள் பழசானது போல.

"லிமோனைட். இரும்புத் துருவின் உறவுக்காரன். இதை யாரும் தேடி வரமாட்டார்கள்," என்றார்.

பிறகு கறுப்பு மணலில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்தித் தேய்த்தார். கரிக்கோடு விழுந்தது. "இல்மனைட். ஆனால் அந்தக் கரையில் இருப்பது மெல்லிய மணற்படை. மாரிக் கடல் ஒருநாளில் அள்ளிக்கொண்டு போகும். அதற்காக யாரும் செலவழிக்க மாட்டார்கள்."

குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வெவ்வேறு இடங்களில் இன்னும் மூன்று பிழை கண்டுபிடித்தார். ஒன்று கூடாரத்தில் எழுதியது. "இது உம்முடைய பிழையல்ல. காய்ச்சலில் நானே மாற்றிச் சொல்லியிருக்கிறேன்," என்று தன் கையாலேயே திருத்தினார். நான் பேணிகளைத் துணிப்பைக்குள் திரும்பப் போட்டேன்.

அறிக்கை மறுநாள் கொழும்பு ரயிலில் போனது. நானா வண்டிக் கூலி வாங்கக் கச்சேரிக்கு வந்தபோது வாசலுக்கே போய், "உங்கட காணிக்கு ஒண்டும் நடக்காது, நானா. அந்தக் கல்லு வெறும் துரு," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று வண்டிச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தண்ணி ஊறத் தொடங்கியிட்டுது, ஐயா. உப்பில்லை, நல்ல தண்ணி," என்றார். கிணற்றைச் சுற்றித் தென்னம்பிள்ளை வைக்கலாமா என்று அன்றைக்கு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.