காலை லொறியை நிறுத்தியவள்

கொட்டகலை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே உள்ள சின்ன அறையில், குடியை விட நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் கிருஷாந்தியின் வேலை. வீடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தன்னிடம் வருகிறவர்களின் பெண்சாதிமார் குழாயடியில் நின்றால் மழையைப் பற்றி மட்டும் பேசுவாள். ஆறு வருடத்தில் ஒரு சொல் அவள் வாயிலிருந்து சிந்தியதில்லை. அதனால்தான் ஆட்கள் வந்தார்கள்.

முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள்: "நீங்க பேசுறது வெளிய போகாது. ஆனா யாரு உசுருக்காவது ஆபத்துன்னா, புள்ளைங்களுக்குக் கொடுமைன்னா, இல்ல கோர்ட்டே கேட்டா, என்னால மறைக்க முடியாது." எல்லோரும் தலையாட்டுவார்கள். தோட்டத்து லொறி ஓட்டும் செல்லசாமியும் ஆட்டினான்.

மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காலையில ஒரு கிளாஸ் கசிப்புச் சாராயம் போடாட்டி கை நடுங்குது தங்கச்சி. போட்டாத்தான் ஸ்டியரிங்கப் புடிக்க முடியுது. முந்தாநாளு கண்ணசந்துட்டேன். டயர் பள்ளத்து ஓரம் எறங்கிருச்சு. பின்னால கொழுந்துக்குப் போற பொம்பளைங்க முப்பது பேரு. யாருக்கும் தெரியாது."

அந்த முப்பது பேரில் கிருஷாந்தியின் அக்கா மீனம்மாவும் ஒருத்தி.

"நாளைக்கு ஓட்டாதீங்கண்ணே. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சட்டுனு விட்டாலும் ஒடம்பு தாங்காது, டாக்டர் பாக்கணும். லீவு மட்டும் நீங்க கேட்டுருங்க."

"கேக்குறேன்," என்று எழுந்தான். கேட்கிறவன் குரலாக அது இல்லை.

அவன் படியிறங்கியதும் ஹட்டனில் இருக்கும் தன் மேலதிகாரி யோகேஸ்வரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர்.

"அவரே சொல்லட்டும். சொல்லாட்டி, லொறியை நிப்பாட்டக்கூடிய ஒராளிட்ட மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. அதுக்குத் தேவையானதை விட ஒரு சொல்லும் கூட வேண்டாம்."

"எங்க அக்கா அதுலதான் போறாங்க சார்."

"அக்காவுக்கு மட்டும் தனியாச் சொல்லேலாது பிள்ளை. மற்ற இருபத்தொன்பது பேரும் இருக்கினம்தானே."

சாயங்காலம் மீனம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலைக்குப் போகாதே என்று சொல்லக் கிருஷாந்தி வாயெடுத்தாள். "தலைவலி" என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

காலை ஆறரைக்கு, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் பனி மூட்டம். பெண்கள் கூடைகளோடு லொறியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கசிப்பு வாடை கதவருகிலேயே அடித்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாண்ணே?"

"ஒன்ன நம்பித்தானே சொன்னேன்," என்றான். கண் சிவந்திருந்தது. சாவியைத் திருகினான்.

அவள் ஓடினாள். வேலை பிரித்துக்கொண்டிருந்த தோட்டத்து மேற்பார்வையாளர், கண்டாக்கு கந்தப்பனிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஐயா, செல்லசாமி அண்ணன் இன்னைக்கு வண்டி எடுக்கக்கூடாது. ஆளுங்களுக்கு ஆபத்து."

கந்தப்பன் கையைக் காட்டி லொறியை நிறுத்தினார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டார். "ஒங்ககிட்ட வர்றானா? எவ்வளவு நாளா குடிக்கிறான்? எழுதி வச்சிருப்பீங்களே, அதக் குடுங்க."

"வண்டிய நிறுத்துறதுக்குத் தேவையானதச் சொல்லிட்டேன் ஐயா. மத்தது கோர்ட்டு கேட்டாத்தான்." கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றி நின்றாள்.

அன்றே செல்லசாமியின் லொறிச் சாவியை வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பிறகு பெக்டரியில் வேலை கொடுத்தார்கள். அவன் பெண்சாதி குழாயடியில் கிருஷாந்தியைக் கண்டால் பாதிக் குடத்தோடு போய்விடுவாள். மருந்துக்கடை மாடிக்கு மூன்று வாரம் யாரும் ஏறி வரவில்லை. இனி வரவே மாட்டார்களோ என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

புது டிரைவர் கிடைக்காததால் பெண்கள் கொழுந்து பறிக்க மேல்மலைக்கு நடந்துதான் போனார்கள். "நீ கண்டாக்குகிட்ட என்ன சொன்னியோ, எங்க காலு தேயுது," என்று மீனம்மா வெந்நீரில் பாதத்தை வைத்தபடி முனகினாள். கிருஷாந்தி அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

நாலாவது வாரம் செல்லசாமி வந்தான். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு, அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். போகும்போது வாசலில் நின்று, "புதன்கிழமை வர முடியாது, வேல இருக்கு. வெள்ளிக்கிழமை தெறந்திருப்பீங்களா?" என்றான்.