வண்ணாத்திப்பூச்சி

இன்று வேலியோரம் வெட்டிய உண்ணிச்செடியின் வாசம் கையில் ஒட்டிக்கொண்டு, பந்தலூரில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின், உண்ணிப்புதர் சூழ்ந்த குழாயடிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. சோப்புத் தண்ணீர் ஊறிய அந்தச் சேற்றில் மஞ்சளும் நீலமுமாகப் பூச்சிகள் சிறகை மூடி மூடித் திறந்து ஈரம் உறிஞ்சும்; அவை எழும்பிப் போகும்வரை அம்மா அலசிய தண்ணீரைக் கொட்டாமல் வாளியைப் பிடித்தபடியே நிற்பார். "வண்ணாத்திப்பூச்சி குடிக்குது, மிதிச்சிராத புள்ள" என்பார். சிலோனிலிருந்து அவர் கொண்டுவந்த பேர் அது.

பள்ளியில் டீச்சர் அந்தப் பூச்சியின் படத்தைக் காட்டிப் பேர் கேட்டபோது நான் அதையே சொன்னேன். "வண்ணாத்தியா? ஏனுங்க டீச்சர், அது துணி வெளுக்குமாங்க?" என்று ஒருத்தி கேட்க, டீச்சரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு வாயைத் திறக்கவே பயம். எந்தச் சொல் தப்போ, எதற்குச் சிரிப்பார்களோ என்று நினைத்து நினைத்தே ஏழாவதோடு நின்றுவிட்டேன். வீட்டில் அம்மா அந்தப் பேரை எடுத்தாலே, "அப்படிச் சொல்லாதம்மா, பட்டாம்பூச்சின்னு சொல்லு" என்று சீறுவேன்.

இன்று வேலிமேல் ஒன்று வந்து உட்கார, என் கடைசிக் குழந்தை அம்மாவின் சேலையை இழுத்து, "அம்மாயி, அது பேரென்ன?" என்றாள். அம்மா சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பட்டாம்பூச்சி கண்ணு" என்றார்.

என்னால் நிமிர முடியவில்லை.