ஆவணி வரை பூட்டியிருந்த அறை

இந்த ஊரில் ஒருவர் கோல்ஃப் பந்தை அடிக்கத் தடியைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பவர் இருமக்கூடாது. புல்வெட்டும் வண்டியில் இருப்பவன் எஞ்சினை நிறுத்தவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது தெரியாமல் நான் என்பாட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். நாலு வெள்ளைக்காரர் தடிகளோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். கடலில் காற்றையும் எஞ்சினையும் மீறிக் கத்திக் கதைத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஒரு சின்னப் பந்துக்காக இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அப்போது சிரிப்பாக இருந்தது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் இந்தப் பட்டினத்தில் பதினோரு வருடமாகப் புல் வெட்டுகிறேன். இப்போது ஒவ்வொரு முறை எஞ்சினை நிறுத்தும்போதும் சட்டைப்பைக்குள் இருக்கும் தொலைபேசியைத் தொட்டுப் பார்க்கிறேன். அதற்கான காரணத்தைத்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் வாசிக்கட்டும். எங்களைப் போல் வெளியே வந்து ஊர்ச்சங்கம் நடத்துபவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

கோடை தொடங்கும்போது இங்கே வருடாவருடம் ஒரு கோல்ஃப் போட்டி நடக்கும். பட்டினத்து ஆஸ்பத்திரிக்கும், பள்ளிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கும், முதியோர் இல்லத்துக்கும் உதவி சேர்க்கிற போட்டி. பல் வைத்தியரும் இறைச்சிக்கடைக்காரரும் ஒன்றாக விளையாடுவார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாங்களும் அப்படியொரு போட்டி வைத்து ஊருக்கு உதவலாம் என்று ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச்சங்கத்தில் போய்ச் சொன்னேன். சங்கத்தில் ஒருவருக்கும் கோல்ஃப் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லவும் ஒருவருக்கும் மனமில்லை. போட்டியன்று எல்லாரும் புதுச் சப்பாத்தோடு வந்து இறங்கினார்கள். தலைவர் பந்தைக் கிரிக்கெட் அடிப்பதுபோல் அடித்துக் குளத்துக்குள் விட்டார். ஒன்பதாவது குழியடியில் ரோல்சும் வடையும் முடிந்ததால் பாதிப்பேர் அங்கேயே விளையாட்டை முடித்துக்கொண்டார்கள். அடிக்கிறவரின் காதுக்குள்ளேயே போய் எப்படி அடிக்கவேண்டும் என்று சத்தம் போட்டார்கள். ஆனாலும் நோக்கம் நிறைவேறியது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு குருதி சுத்திகரிப்பு இயந்திரங்கள் போயின.

அந்த இயந்திரம் எனக்கு வெறும் ஊர்த்தொண்டு இல்லை. என் அண்ணர் தவராசாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா போனபிறகு வள்ளத்தை எடுத்து என்னைப் படிப்பித்து வெளியே அனுப்பியவர் அவர். எங்கள் ஊர் பருத்தித்துறைக்குக் கிழக்கே, கரையோரம். கிழமைக்கு இரண்டு தரம் விடிய எழும்பிப் பருத்தித்துறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு பஸ். நாலு மணித்தியாலம் கட்டிலில் கிடந்து இரத்தம் சுத்தமாக்கிக்கொண்டு அதே வழியால் திரும்புவார். வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. குமட்டிச் சத்தி எடுப்பதற்கென்று கையில் ஒரு பை வைத்திருப்பார். ஊர் ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் வந்தால் அவர் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

வைகாசியில் ஆஸ்பத்திரி டொக்டர் எனக்கு எழுதினார். இளம் பிள்ளை, வவுனியாப் பக்கம். இயந்திரம் பொருத்திப் பூட்டியாகிவிட்டது, தண்ணீர் சுத்திகரிப்பதும் சரிபார்த்தாகிவிட்டது, திங்கட்கிழமையே தொடங்கலாம், கையளிப்புக் கடிதத்தில் மட்டும் சங்கச் செயலாளர் கையெழுத்து வைக்கவேண்டும் என்று இருந்தது. செயலாளர் நான்தான். சங்கம் கூடியது. திறப்பு விழா இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று தலைவர் கேட்டார். ஆவணியில் கோயில் கொடியேற்றத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறோம், நாள் பார்த்து, கும்பம் வைத்து, பெயர்க்கல் பதித்துத் திறந்தால்தானே முறை என்றார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் ஆசை. ஒரு பையோடு ஒளித்து ஊரைவிட்டு வெளிக்கிட்டவன் கத்தரிக்கோலோடு திரும்பிப்போய், அண்ணர் முன்வரிசையில் இருக்க, ரிப்பன் வெட்டவேண்டும். கடிதத்தை மேசை இலாச்சிக்குள் வைத்தேன்.

அந்தக் கிழமைதான் இங்கத்தைப் போட்டியும் நடந்தது. போன வருடப் போட்டியில் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். நிர்வாகக் குழுவில் இருக்கும் ஹென்றியிடம் அதன் திறப்பு விழா எப்போது என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி பிடிபடவில்லை. அறைக் கதவு திறக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார். ரிப்பன், விளக்கு, விருந்தினர் என்று விளக்கிச் சொன்னேன். “அது வந்து இறங்கின கிழமையே வேலை செய்யத் தொடங்கிவிட்டதே. நோயாளிகள் காத்திருந்தார்கள்” என்றார். உதவியவர்களின் பெயர்ப்பலகை இன்னும் எழுதி முடியவில்லையாம்.

எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. அண்ணருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“உவங்களுக்கு ஒரு முறையும் தெரியாது போல” என்று சிரித்தார். இருமிவிட்டு, “நீ வந்து வெட்டு. நான் அதுவரைக்கும் பஸ்ஸிலை போய் வாறன். ரண்டு வருசம் போனனான், ரண்டு மாசம் போகேலாதே?” என்றார்.

“ஏலுமோ அண்ணை?”

“ஓமடா. என்ரை தம்பி திறக்கிற மெசினிலைதான் நான் படுப்பன். ஊர் பாக்கோணும்.”

அவர் குரல் இளைத்திருந்ததை நான் கவனித்தேன். தொலைபேசியில் அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

ஆடிக் கடைசியில் ஒரு காலை ஏழாவது குழியடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். நாலு பேர் அடிக்க வந்து நின்றார்கள். எஞ்சினை நிறுத்தினேன். அதனால்தான் சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது தெரிந்தது. அண்ணி.

“தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

எனக்கு எதிரே ஒரு மனிதர் தடியைத் தூக்கியிருந்தார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பதினோரு வருடப் பழக்கம். சத்தம் வெளியே வரவில்லை. பந்து போய் விழுந்ததும் அவர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகுதான் என்னால் ஐயோ என்று சொல்ல முடிந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வெயில் பட்டுவிட்டதாக்கும் என்று தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை பஸ்ஸில் நின்று வந்ததில் கால் வீங்கி, திங்கட்கிழமை போக ஏலாமல் ஒரு முறையை விட்டிருக்கிறார். அடுத்த முறைக்கிடையில் நெஞ்சில் நீர் கட்டிவிட்டது. வீட்டில் அவர் கிடந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு இயந்திரமும் பொலித்தீன் உறை கழற்றாமல் நின்றன. என் கையெழுத்து இல்லாமல்.

செத்தவீட்டுக்கும் நான் போய்ச் சேரவில்லை. போய் இறங்கியபோது சாம்பல் கடலில் கரைத்தாகிவிட்டது. கடிதத்தை டொக்டரிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை நாளைக்கே தொடங்கலாம் என்று அதை வாங்கிக்கொண்டார். ஆனால் விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள், கொழும்பிலிருந்து விருந்தினரும் வருகிறார். இன்னும் நாலு நாள்தானே என்றார் தலைவர். பிறகு என் தோளில் கை வைத்து, “தம்பி, குறை நினையாதையும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் உமக்குத் துடக்கெல்லோ. கும்பம் வைக்கிற இடம். நீர் உள்ளை வராமல் விட்டால் நல்லது” என்றார். செத்தவீட்டுத் தீட்டோடு கும்பத்தடிக்குப் போகக்கூடாது என்று அவர் சொன்னது முறைதான். முறை பார்க்கத்தானே நானும் கையெழுத்து வைக்காமல் இருந்தேன். அண்ணரைக் காக்க வைத்த கத்தரிக்கோலை நான் தொடவே இல்லை.

விழாவன்று நான் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே றோட்டில் நின்றேன். அண்ணியும் வந்து பக்கத்தில் நின்றா. உள்ளே நாதஸ்வரம் கேட்டது.

“பஸ்ஸாலை இறங்கினால் நேரை வீட்டை வரமாட்டார் தம்பி” என்றா. “இஞ்சை வந்து யன்னல் கண்ணாடிக்குள்ளாலை மெசினைப் பாத்திட்டுத்தான் வருவார். பிளாஸ்ரிக்கைக் கழட்டினவையோ எண்டு நேர்ஸ் மிசியிட்டைக் கேப்பாராம்.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று சொல்கிற குரல். அவ ஏசமாட்டாவா என்று இருந்தது எனக்கு. இங்கேயும் ஒருவரும் ஏசவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி வாசல் படலையடிக்கு வந்து அண்ணியிடம் ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினா. கிளினிக் அட்டை. அண்ணர் வைகாசியிலேயே வந்து முதல் ஆளாகப் பதிந்துவைத்தாராம். தவராசா, எங்கள் ஊர்ப் பெயர், முதலாம் கட்டில், திங்கள் காலை. அண்ணி அதை வாங்கி முந்தானையில் துடைத்தா. அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

உள்ளே கைதட்டினார்கள். ரிப்பன் வெட்டியாகிவிட்டது. ஒலிபெருக்கியில் கல்லில் இருக்கும் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு நாடு. என் பெயர் வந்தது. கனடா என்றார்கள். நான் பிறந்த வீடு அந்த மதிலிலிருந்து முந்நூறு கெஜத் தூரம். கனடாவில் என்னை எந்த ஊர் என்று கேட்பார்கள்.

“தம்பி” என்று அண்ணி என் கையைத் தொட்டா. “உங்கடை பேர் சொல்லினம்.”

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகவும் ஏலாது. திரும்பிப் போக, அண்ணர் இல்லாத வீடு. அந்த இரைச்சலுக்குள் நான் வாய்விட்டு அழுதிருக்கலாம், ஒருவருக்கும் கேட்டிருக்காது. கை தானாகவே எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.