கூறைப் பெட்டிக்குள் பூவாணம்

ருவாசி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வரும் பொதிகளில் ஆபத்தானவை எவை, அவை எந்த வகுப்பைச் சேர்ந்தவை என்று பார்த்துப் பிரிப்பது என் பொறுப்பு. வெடிபொருட்கள் முதலாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அந்த வேலைக்கான சான்றிதழை அப்பா, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருக்கும் தன் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும்.

அப்பாவுடையது யாழ்ப்பாணத்துக்குப் பொதி அனுப்பும் கடை. ஒரு சனிக்கிழமை நானும் கடையில் நின்றபோது, பொதிகளை ஏற்றும் வான் வண்டி வருவதற்குச் சற்று முன், வழக்கமாக வரும் ஒரு அன்ரி பெட்டியோடு வந்தார். ஊரில் அவருடைய தம்பிக்குக் கலியாணம். உள்ளே கூறைச் சேலை. கோயிலில் பூசை செய்து, ஒட்டி, மேலே குங்குமமும் வைத்திருந்தார். அப்படி மூடியதைக் கலியாண வீட்டில்தான் திறக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அகதி அட்டையோடு அவர் இலங்கைக்குப் போக முடியாது. அவருக்குப் பதிலாகப் போவது அந்தப் பெட்டிதான்.

கலியாண மண்டபத்துக்குள் கொளுத்த, பூப்பூவாகப் பொறி சிதறும் பூவாணங்களும் வைத்திருப்பதாக அவரே சந்தோஷமாகச் சொன்னார். அவை வந்த மட்டைப் பெட்டி இடத்தை அடைத்ததால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பூவாணங்களைத் துவாய்களுக்குள் சுற்றி வைத்தாராம். பெட்டியின் விபரத்தை எழுதிக்கொண்டிருந்த அப்பாவின் பேனை நின்றது.

பெட்டியைத் திறக்க வேண்டும் என்றேன்.

"ஆபத்துக் குறைஞ்ச வகை எண்டு மட்டையிலை போட்டிருந்தது, பிள்ளை. நீர் படிச்சனீர்தானே, ஒரு லேபல் ஒட்டிவிடுமன்."

நான் விளக்கத் தொடங்கினேன். அந்த வகைப்பாடு வெறும் பூவாணத்துக்குக் கொடுத்ததல்ல. அந்த மட்டைக்குள் இருக்கும் பூவாணத்துக்குக் கொடுத்தது. ஒன்று பற்றினாலும் மட்டைக்கு வெளியே பெரிதாக எதுவும் நடக்காது என்று சோதித்துத்தான் அப்படி வகுப்பார்கள். மட்டையை எறிந்தால் அந்தச் சோதனையும் போய்விடும். துவாய்க்குள் இருப்பதற்கு வகுப்பே இல்லை. அதை ஏற்ற முடியாது. உட்பிரிவுகள், பத்திரங்கள் என்று நிறையச் சொன்னேன். அழகாகத்தான் சொன்னேன். அன்ரி பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அபசகுனமாய்ப் பேசாதையும். அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்ல மாட்டியளோ?"

அப்பா குனிந்து மேசையிலிருந்த பற்றுச்சீட்டுகளை அடுக்கினார். லா சப்பலில் ஒருவரோடு முறித்துக்கொண்டால் ஊரோடேயே முறித்த மாதிரி. அது எனக்கும் தெரியும்.

"சாமான் மட்டும் ஏத்திற பிளேனிலைதானே இது போகுது," என்றார் அன்ரி, சற்றுத் தணிந்து.

"இல்லை அன்ரி. ஆக்கள் போற பிளேன். அவையின்ரை காலுக்குக் கீழைதான் இந்தப் பெட்டி இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் பெட்டி கொடுக்கும் பலரும் சாமான் பிளேன் என்றுதான் நினைத்திருந்தார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. இவ்வளவு படித்தும் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்ரி கத்தியைக் கேட்டு வாங்கினார். குங்குமத்தில் படாமல், ஓரமாக, தானே வெட்டினார். பூவாணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். திரும்பக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யலாம், அதுவரை வானை மறித்து வைக்கிறேன் என்றார் அப்பா.

"வேண்டாம் அண்ணை. பிளேன் ஒழுங்காய் இறங்கட்டும். மிச்சத்தை நான் பிள்ளையாரோடை கதைக்கிறன்."

பெட்டி வான் வண்டியில் ஏறியதும் அன்ரி தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். கூறை வருகிறது, பூவாணம்தான் இங்கே கிடைக்கவில்லை என்றார். பெட்டியைத் திறந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்பாவும் நானும் அது காதில் விழாதது போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.