மாமா ஆட்டோவில் வந்த நாவல்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் சண்டை வராத நாள் கிடையாது. தண்ணி லாரி வந்தால் சண்டை, வராவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. ஆனால் ஒரு கதைப் புத்தகத்துக்காகத் தெருவே இரண்டாகப் பிரிந்து கத்தியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பப்பா, எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில்கூட அவ்வளவு குஷியாக நான் இருந்ததில்லை!

புத்தகத்தைக் கொண்டுவந்தது என் தாய்மாமா. விடியற்காலையில் காசிமேட்டில் ஆட்டோவில் மீன் கூடை ஏற்றுவார், வெயில் வந்ததும் வண்டியைக் கழுவிவிட்டு ஆள் ஏற்றுவார். யாரோ ஒருவர் பின்சீட்டில் அந்த நாவலை மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். தேடி வருவார் என்று மாமா பல நாள் வண்டியிலேயே வைத்திருந்தார். யாரும் வரவில்லை. சவாரி இல்லாத ஒரு மதியம் சும்மா பிரித்துப் பார்த்தவர், சாப்பாட்டுக்குக்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. சாயந்திரம் வந்து அம்மாவிடம் நீட்டினார். "யக்கா, இதப் படிச்சிப் பாரு. சோறு எறங்காது உனுக்கு." ஏதோ அல்வா வாங்கி வந்தவர் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெயர் சொல்லாத ஒரு சின்ன ஊர். ஊர் நடுவில் ஓடாத மணிக்கூண்டு. அங்கே ஒரு பெரிய குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வருகிற ஒருத்தி எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள், மாமனார் இருக்கிற வீட்டில் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று தரையில் உட்காருகிறாள், அப்படியே கிழவியாகிறாள். யாரும் அவளை அடிப்பதில்லை. யாரும் அவளிடம் பேசுவதும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அடுப்பங்கரை விளக்கை அணைக்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அது வந்த நேரம்தான் வம்பாகப் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் என் சித்திக்கு ஒரு வரன் வந்திருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை. லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டியே அவள் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். சிரித்தால் அதற்கும் அடுத்த தெருவுக்கு. வயது ஏறிக்கொண்டே போகிறது என்று அம்மா அவளுக்காக ஜெபமாலை சொல்லாத நாள் இல்லை. கோயிலில் பழக்கமான ஒரு சிஸ்டர் மூலமாக வந்த இடம் அது. ரயிலில் பாதி நாள் போக வேண்டிய சின்ன ஊர். மாப்பிள்ளை மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கூட்டுக் குடும்பம். சித்தி போனால் மூத்த மருமகள். அந்த ஊரிலும் நடுவில் ஒரு மணிக்கூண்டாம்!

போதாதா மாமாவுக்கு? "இது அந்த ஊருதான், வேற எந்த ஊரும் இல்ல" என்று குதித்தார். "நம்ம பொண்ண அங்க அனுப்பறதும் ஒண்ணு, கடல்ல தள்றதும் ஒண்ணு!"

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம ராயபுரத்துலயுந்தான்டா மணிக்கூண்டு கீது. அதுக்கின்னா இப்போ?"

"நம்மளது ஓடுது மாமா!"

"எங்க ஓடுது, நீ பாத்த?"

இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா 'பொய்' கட்சி, மாமா 'நெஜம்' கட்சி. நான் மாமா பக்கம். அம்மாதான் பாவம், படித்துவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே "அல்லாம் பொய்யி" என்றாள். தங்கை கல்யாணம் நடக்க வேண்டுமே!

விஷயம் தெருவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? எல்லோருக்கும் உடனே படித்தாக வேண்டும். இருப்பதோ ஒரே புத்தகம். அம்மா அதை அருவாமனையில் வைத்து, வஞ்சிர மீனை வகிர்கிற மாதிரி வகிர்ந்து, மூன்று துண்டாகப் போட்டுவிட்டாள். துண்டுகளை வீடு வீடாகக் கொடுத்து மாற்றி வாங்கி வருகிற உத்தியோகம் எனக்கு. என்ன பெருமை! கையில் வாங்குவதற்கு முன்பே "இன்னாடி, அவ அம்மா வூட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்று பெரிய மனுஷிகள் எல்லாம் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். நான் சொல்வேனா?

கையில் கிடைத்த துண்டைப் படித்ததால் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. எதிர்வீட்டு அக்காவுக்கு நடுத்துண்டுதான் முதலில் கிடைத்தது. அவள் மாமியார்தான் கதாநாயகி என்று முடிவு கட்டி, இப்படி ஓர் அழுத்தக்காரி மருமகளாக வந்தால் எந்த மாமியார்தான் என்ன செய்வாள் என்று தண்ணி லாரி வரிசையில் குடத்தோடு நின்று கண் கலங்கினாள். வரிசையே இரண்டாயிற்று. "இன்னா புக்கும்மா இது? ஒரு பக்கத்துலயாச்சும் ஒருத்தனாச்சும் சிரிச்சானா? படிச்சதுலேர்ந்து தலவலி" என்று ஒரு குரல். "உனுக்குத் தலவலி. எனுக்கு எங்கக்கா வூடு கண்ணு முன்னால வந்துகினே கீது" என்று இன்னொரு குரல். அந்தக் கலாட்டாவில் குடம் நிறைந்து வழிவதை யாரும் கவனிக்கவில்லை. லாரிக்காரர்தான் திட்டினார்.

சித்தி எந்தக் கட்சி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூன்று துண்டுகளையும் வரிசைப்படி வைத்துப் படித்தது அநேகமாக அவள் ஒருத்திதான். நான் ஒரு நாள் கேட்டேன். "நீ பரிட்சைக்குப் படிடி மொதல்ல" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அந்த நாட்களில் அவள் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சித்தி பக்கத்தில்தான் நான் படுப்பேன். அந்த நாவலின் அடுப்பங்கரையில் சித்தியை நிறுத்திப் பார்த்தாலே நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்வேன். அதனால்தான் எப்படியாவது நெஜம் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

பெண் பார்க்க வருகிற ஞாயிறும் வந்தது. காலைப் பூசை முடிந்ததும் அப்பா எல்லோரையும் நிற்க வைத்து எச்சரித்தார். "அந்தப் புக்கப் பத்தி எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான் சொல்ட்டேன்." சொல்லும்போது மாமாவைப் பார்த்தார். மாமா மாதா மேல் சத்தியம் செய்தார். என்னை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

அவர்கள் வந்த வேன் ஹார்பர் கேட் அருகே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பஜ்ஜி ஆறிப் போய், மறுபடி சுட்டு, அதுவும் ஆறிய பிறகு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா, மூன்றே பேர். மாப்பிள்ளையின் அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, உடம்புக்கு முடியவில்லை என்றார் சித்தப்பா. மாப்பிள்ளை ஒல்லியாக, வேர்த்து விறுவிறுத்து, கைக்குட்டையைக் கையிலேயே பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தோம்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியைத் தாண்டிப் போய், சுவரோரமாகத் தரையில் கிடந்த பாயில் உட்கார்ந்தார்.

"ஐயோ, மேல உக்காருங்க" என்று பதறினாள் அம்மா.

"இருக்கட்டும்மா. எனக்கு இதான் பழக்கம்."

மாமா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. அப்படியே புத்தகம்! அச்சு அசல்! வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "நீங்க ஒரு புக்கு படிச்சிருக்கீங்களா? அதுல மணிக்கூண்டு வரும், மூத்த மருமக வருவாங்க, கடசீல லைட்ட நிறுத்துவாங்களே, அது?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "படிச்சிருக்கேன்மா" என்றார்.

அவ்வளவுதான், மாதா மேல் செய்த சத்தியம் காற்றில் போயிற்று. மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சொல்லுங்க மாப்ள, அது நெஜமா, பொய்யா?"

சித்தப்பா முந்திக்கொண்டார். "அட, அது எவனோ வேலையத்தவன் எழுதுனதுங்க. எங்க ஊர் மானத்தையே வாங்கிட்டான். லைப்ரரியில அத வைக்கக் கூடாதுன்னு நாங்க ஒரு கூட்டம், வைக்கணும்னு வாத்தியாருங்க ஒரு கூட்டம், ஊரே ரெண்டாயிடுச்சு. அதப் போயி இங்க..."

"நெஜம்தாங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் எங்களைப் பார்க்கவில்லை, சுவரோரமாகப் பார்த்தார். "எங்க வீடு அப்படித்தான். அப்பா அந்தப் புக்கக் கிழிச்சுப் போட்டுட்டாரு. நான் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து, கடையில வச்சு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது."

மாப்பிள்ளையின் அம்மா பாயின் கோரையைத் தடவிக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் கம்மியாத்தான் எழுதியிருக்காங்க."

எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஜெயித்துவிட்டோம்! எதிர்க்கட்சியே ஒத்துக்கொண்டுவிட்டது! மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு சித்தி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் தட்டு இல்லை, குனிந்த தலை இல்லை. வந்தவள் ஒரு நாற்காலியைத் தரதரவென்று சுவரோரம் இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நல்ல தமிழில் பேசு என்று காலையிலிருந்து அம்மா பழக்கியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மொதல்ல எழுந்து மேல குந்துங்க அத்த" என்றாள்.

பெண் பார்க்க வந்த அம்மாவை எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் எடுத்த எடுப்பில் அத்தை என்று கூப்பிட மாட்டாள். கூப்பிட்டுவிட்டால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு சித்தியின் கையைப் பிடித்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்துவிடுவோமோ என்பது போல இரண்டு கைப்பிடிகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சித்தி இன்னொரு நாற்காலியை இழுத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, "காப்பியா டீயா?" என்று கேட்டாள். அதற்கே அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாமா காக்கிச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஸ்வீட் வாங்கியாறேன்" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தார். அப்பாவும் சித்தப்பாவும் கை குலுக்கினார்கள். அம்மா அழுதுகொண்டே பஜ்ஜியை மூன்றாம் தடவை சூடு பண்ணப் போனாள். நான் ஒருத்திதான் நெஜம் கட்சியில் மிச்சம். என்ன அநியாயம் இது? எல்லாம் உண்மை என்று அவரே சொல்லிவிட்டார், அவர் அம்மாவும் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகும் ஸ்வீட்டா? கோபத்தில் எனக்குக் கொடுத்த லட்டைக்கூட நான் தொடவில்லை. சாயந்திரம்தான் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் மைக்கில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடை இருக்கிறதே! ஊருக்கே தெரிந்த தடை ஆயிற்றே! ஆண்கள் பக்கம் எட்டி மாமாவைப் பார்த்தேன். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் எழுந்திருக்க மாட்டார், நாமாவது போவோம் என்று நான் எழுந்தேன். சித்தி என் கவுனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எங்கடி?"

"சாமியாராண்ட சொல்லப் போறேன். அல்லாம் நெஜம்னு அவரே சொல்ட்டாரே சித்தி, அப்புறமும் ஏன்?"

"அதுக்குத்தான்டி" என்றாள் சித்தி. கோயில் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தும்விட்டாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எதுக்கு என்று நான் கேட்பதற்குள் கடைசி ஆசீர்வாதத்துக்காக எல்லோரும் முழங்காலிட்டார்கள். நானும் முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கள் சித்திக்கு எப்படியாவது நல்ல புத்தியைக் கொடு தாயே என்று மாதாவிடம் மனமுருகி வேண்டிக்கொண்டேன்.