தையல்காரியின் ரம்பம்

எங்கள் தெருவில் என் அண்ணிக்கு டேப்பக்கா என்று பெயர். அளவெடுக்கிற டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். சமைக்கும்போதும் கிடக்கும், சண்டை போடும்போதும் கிடக்கும். அண்ணி என்று பேர்தானே தவிர அவளுக்கு என் வயதுதான். நான் மாடியில், அவர்கள் கீழே. அதனால் எங்களுக்குள் வா, போ, போடி எல்லாம் உண்டு.

அவள் தைப்பதைவிட வெட்டுவதில்தான் கெட்டிக்காரி. துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலை உள்ளே விட்டாள் என்றால் முகமே மாறிவிடும். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. வெட்டி முடித்ததும், "இனிமே தைக்கிறதுதான பாக்கி" என்பாள், பாத்திரம் கழுவுவது பாக்கி என்கிற மாதிரி.

தெருமுனையில் ரெடிமேட் கடை வந்தது. வெட்டுகிற வேலை நின்றுபோனது. பேன்ட் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடித்துத் தருவது, இவ்வளவுதான். "எவனோ எழுதுன பரீட்சைய உட்கார்ந்து திருத்துறேன்டி" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலில் தூசி படிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படி இருந்தவள் ஒரு நாள் ஹார்டுவேர் கடைக்கு நாலு ஸ்க்ரூ வாங்கப் போய், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். கடைக்காரர் ஒரு சின்ன மிஷினில் மெல்லிய பலகையை மீன் வடிவத்தில் வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தாராம். ஸ்க்ரோல் சா என்று பெயராம்.

"தையல் மிஷினேதான்டி! ஊசி இருக்கிற இடத்துல பல்லு வச்ச பிளேடு. மேலயும் கீழயும் போகுது. துணிய தள்ளுற மாதிரி பலகைய தள்ளணும், அவ்வளவுதான்."

"ரம்பம்னு சொல்லு" என்றேன். "அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

முகத்தில் இருந்த பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

என் அண்ணன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் மர மில்லில் இருந்தான். அங்கே வட்ட ரம்பம் அவனுடைய ஆள்காட்டி விரலில் பாதியையும் நடுவிரல் நுனியையும் எடுத்துக்கொண்டது. அதை வைத்து அவனே ஜோக் அடிப்பான். "விரல நீட்டி யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அதான் நான் நல்லவன்" என்பான். ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது மரம் அறுத்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். சத்தம் நின்றுவிட்டதா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

அவனிடம் போய் வீட்டுக்குள்ளேயே ரம்பம் வேண்டும் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். அவன் முடியாது என்றான். அவள் அழவில்லை, கத்தவில்லை. பேசாமல் உட்கார்ந்து ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கடைசியில் இறங்கி வந்தான்.

"ஒரு சொட்டு ரத்தம். ஒரே ஒரு சொட்டு பாத்தேன், அன்னைக்கே அது பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். சரியா?"

"சரிங்க" என்றாள். நான்தான் சாட்சி.

மிஷின் வந்தது ஞாயிற்றுக்கிழமை. தையல் அறையில் அண்ணியும் நானும். கூடத்தில் அண்ணன், டிவி முன்னால். நடுவில் ஒரு திரைச்சீலை. அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

துணி வெட்டுகிற கனமான மேசையில்தான் மிஷினை வைத்தாள். அடியில் பழைய ரப்பர் மிதியடியை அளவாக வெட்டிப் போட்டு, நாலு மூலையிலும் போல்ட் முடுக்கினாள். "மேசை ஆடினா கோடும் ஆடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தையல் விளக்கை இழுத்துப் பலகை வைக்கிற தட்டுக்கு நேராகத் திருப்பினாள். பிறகு பிளேடை எடுத்தாள். நூல் மாதிரி இருந்தது, அவ்வளவு மெல்லிசு.

"பிளக் சொருகலயே?"

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, திரும்பினேன்.

"இல்லைங்க."

"பல்லு கீழ பாத்திருக்கா பாரு. தலைகீழா மாட்டினா பலகைய தூக்கித் தூக்கி அடிக்கும்."

அண்ணி பிளேடின் மேல் நகத்தைக் கீழேயிருந்து மேலே ஓட்டிப் பார்த்தாள். தடுக்கியது. "கீழதான் பாத்திருக்கு." மேலேயும் கீழேயும் கவ்வியில் மாட்டி, திருகை முடுக்கினாள்.

"சுண்டிப் பாரு."

சுண்டினாள். தொளதொளவென்று ஒரு சத்தம் வந்தது.

"இன்னும்."

முடுக்கிவிட்டு மறுபடி சுண்டினாள். இந்தத் தடவை டிங் என்றது.

"போதும். கழுத்துல டேப் கெடக்கா?"

கிடந்தது. அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். டேப் இல்லாத அண்ணியை அன்றுதான் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். கண்ணாடி மாட்டினாள், தூசிக்குத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள வந்து சொல்லித் தொலையேன்டா அண்ணா!" என்று கத்தினேன்.

"நான் டிவி பாத்துட்டிருக்கேன்" என்றான். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி பலகையில் ஒரு பூனையை வரைந்து வைத்திருந்தாள். மிஷினில் மேலேயிருந்து இறங்குகிற சின்னப் பாதத்தால் பலகையை அமுக்கிவிட்டு, பிளக்கைச் சொருகி, முன்பக்கத்து ஸ்விட்சைத் தட்டினாள். நான் பயந்த அளவுக்குச் சத்தமில்லை. டுர்ர்ரென்று தையல் மோட்டார் போலத்தான் இருந்தது. விரல்களைப் பிளேடுக்கு நேர்முன்னால் வைக்காமல் இரண்டு பக்கமும் தள்ளி வைத்துப் பலகையை நகர்த்தினாள். அவசரமே இல்லை. பூனையின் வால் வந்தது, முதுகு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதே பழைய முகம். யார் கூப்பிட்டாலும் காதில் விழாத முகம். என் மனசு குளிர்ந்துபோனது.

காது வந்தது. காது என்றால் கூரான மூலை.

தையல்காரர்கள் மூலைக்கு வந்தால் என்ன செய்வார்கள்? பெடலிலிருந்து காலை எடுப்பார்கள், மோட்டார் நிற்கும். ஊசியைத் துணிக்குள்ளேயே விட்டு, அமுக்குகிற பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புவார்கள். அண்ணி வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். அன்றைக்கும் அதையே செய்தாள். காலை எடுத்தாள். பாதத்தைத் தூக்கினாள். ஆனால் இந்த மிஷினுக்குப் பெடல் ஏது? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அமுக்க ஆளில்லாத பலகை துள்ள ஆரம்பித்தது. டபடபடபவென்று தட்டில் அடித்தது. பிளேடு டக்கென்று ஒடிந்து, ஒரு துண்டு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மிச்சத் துண்டு இன்னும் மேலும் கீழும் குத்திக்கொண்டிருந்தது. நான் அலறினேன். எதற்கு அலறினேன் என்று கேட்காதீர்கள், ஸ்விட்சை நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

திரைச்சீலை கம்பியோடு பிய்ந்து விழுந்தது. அண்ணன் உள்ளே வந்து ஸ்விட்சைத் தட்டி, பிளக்கையும் பிடுங்கிப் போட்டான்.

அண்ணி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அவன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினான். வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரு கீறல் இல்லை.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரத்தம் வரலைங்க" என்றாள் அண்ணி, சின்னப் பிள்ளை மாதிரி.

"கால என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டான். "நான் வரும்போது உன் வலது கால் அந்தரத்துல நின்னுச்சு."

"கால எடுத்தேன்" என்றாள். "அது நிக்கல."

கொஞ்ச நேரம் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அண்ணி ஸ்பேனரை எடுத்தாள். மூலை போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"இரும்புக் கடைக்காரர கூட்டிட்டு வரத்தான் போறாரு. அவரு கையால கழட்ட வேணாம், நானே கழட்டிடுறேன்."

"ரத்தம்தான் வரலயே! சாட்சிக்கு நான் இருக்கேன், அவன் வரட்டும், பேசிக்கறேன்!"

"அவரு முகத்த நீ பாத்தல்ல?" என்றாள். "எனக்கு ரம்பம் வேணாம்டி. அந்த முகத்த இன்னொரு தடவ பாக்க முடியாது."

நான் வாயாடிதான். ஆனால் அன்றைக்குக் கையைத்தான் நீட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தூசி என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் மட்டும்தான் வந்தான். கையில் சின்ன அட்டைப்பெட்டி.

"எதுக்குக் கழட்டின?" என்றான்.

பெட்டிக்குள்ளே கறுப்பாக ஒரு பெடல், வயரோடு. காலால் மிதிக்கிற ஸ்விட்ச். எலக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறான். மிஷினின் பிளக்கை அதில் சொருகி, அதைச் சுவரில் சொருகினால் சரி.

"மிதிச்சா ஓடும். கால எடுத்தா நிக்கும்" என்றான். "உன் கை தப்பு பண்ணல. கால்தான் தேடிச்சு. அதுக்கு வேண்டியத குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

என் கையிலிருந்த போல்ட்டுகளைப் பிடுங்கி, அந்தப் பாதி விரலை வைத்து அவனே முடுக்கினான். புதுப் பிளேடை மாட்டினான், சுண்டினான், டிங் என்றது. பெடலைச் சுவரில் சொருகி, மிஷின் ஸ்விட்சைத் தட்டிவிட்டான். பலகை இல்லாமலே அவளைப் பழக வைத்தான். "மிதி. எடு. மிதி. எடு." ஒவ்வொரு தடவையும் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவன் தலையாட்டினான். "மூலை வந்தா அமுக்குற பாதத்த தூக்காத. பலகைய மெதுவா பிளேட சுத்தித் திருப்பு, அதுவே வழி விடும்."

பூனைக்கு ஒரு காது போனது போனதுதான். அண்ணி இன்னொரு பூனையை வரைந்தாள். அண்ணன் கூடத்துக்குப் போகவில்லை. துணி மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், கண்கொத்திப் பாம்பாக அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு.

வால் வந்தது. முதுகு வந்தது. முதல் காதை அவள் நோகாமல் திருப்பினாள். நான் சொன்ன சபாஷ் அவளுக்குக் கேட்கவில்லை. மிஷின் டுர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஏதோ சொல்ல அண்ணன் பக்கம் திரும்பினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ரம்பச் சத்தம் கேட்டால் தெருவைத் தாண்டி ஓடுகிறவன், அதன் பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணியின் தோளைத் தொட்டு, அங்கே பார் என்று கண்ணைக் காட்டினேன். பார்த்தாள். காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "ஓட்டு."

அண்ணி காலை வைத்தாள்.